அரைச்சுற்று

ஸ்கூடாயில் லேசர் சோதனைக்கூடத்துக்கு வேலைக்குப் போன முதல் நாள், கதவுக்கு வெளியிலேயே நிறுத்தி என் மூக்குத்தியைக் கழற்றச் சொன்னார்கள். கைக்கடிகாரம், வளையல், சங்கிலி எல்லாவற்றையும் அங்கிருந்த பிளாஸ்டிக் டப்பாவில் போட்டாயிற்று. மூக்குத்தி மட்டும் வரவில்லை. பன்னிரண்டு வயதில் அம்மா போட்டுவிட்டது. திருகு இறுகிப்போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. சோதனைக்கூட உதவியாளர் முதலுதவிப் பெட்டியைத் திறந்து, பிளாஸ்திரியில் சின்னதாக ஒரு துண்டு வெட்டி என்னிடம் நீட்டினார். "மேலே ஒட்டிக்கொள். உள்ளே மின்னுகிறதெல்லாம் கண்ணாடிக் கணக்கு" என்றார் மலாயில். ஓய்வுபெற அவருக்கு இரண்டு மூன்று வருஷம்தான் இருந்தது. எல்லாரும் அவரை 'பாக் சிக்' என்றே கூப்பிட்டோம், மாமா என்கிற மாதிரி. அதற்குப் பிறகு மூன்று வருஷம் தினமும் காலையில் மூக்கில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டுதான் வேலையைத் தொடங்கினேன்.

அது 2004 ஆகஸ்டு. மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் என்று எங்கள் பக்கத்தில் யாரும் முழுப்பெயர் சொல்வதில்லை, யூ.டி.எம். என்றால் போதும். கோலாலம்பூரில் 1904-இல் ஒரு சிறு தொழில்நுட்பப் பள்ளியாகத் தொடங்கி, 1972-இல் தேசியக் கழகமாகி, 1975-இல் இன்றைய பெயரைப் பெற்று, எண்பதுகளில் ஜொகூருக்கு வந்தது. செம்பனையும் ரப்பருமாக இருந்த மேட்டு நிலத்தில் வட்டச் சாலை போட்டு, அதற்குள் ஓர் ஊரையே கட்டினார்கள். நான் அங்கேதான் இயற்பியல் படித்தேன். படித்து முடித்த கையோடு ஆய்வு உதவியாளர் வேலை கிடைத்தது. மாதம் 1,500 வெள்ளி. இர்பா என்ற அரசாங்க ஆய்வு மானியத்திலிருந்து சம்பளம். மானியம் இருக்கும்வரை வேலை.

நியமனக் கடிதத்தை அம்மா இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தார்.

"கவர்மெண்டு வேலையா பாப்பா?"

"இல்லம்மா. காசு கவர்மெண்டு காசு. வேலை ரெண்டு வருசத்துக்கு. அப்புறம் நீட்டுனாலும் நீட்டுவாங்க."

"அப்ப கன்ட்ராக்டு" என்று மடித்துத் திருப்பிக் கொடுத்தார். தோட்டத்தில் வாழ்ந்தவருக்கு அந்தச் சொல்லை யாரும் விளக்க வேண்டியதில்லை.

லேசர் என்றதும் தெரிந்தவர்கள் எல்லாரும் கண் ஆபரேஷனைப் பற்றியோ சினிமாவில் வரும் துப்பாக்கியைப் பற்றியோ கேட்டார்கள். என் வேலை பெரும்பாலும் திருகு திருப்புவது. அறையின் நடுவில் கனத்த எஃகு மேசை. அதன் மேல்தகடு முழுக்க 25 மில்லிமீட்டருக்கு ஒன்றாகத் திருகு துளைகள். கால்களில் அழுத்தக் காற்று நிரப்பியிருக்கும். கீழே சாலையில் லாரி போகிற அதிர்வு மேசைக்கு ஏறக்கூடாது என்பதற்காக. அந்தத் துளைகளில் கண்ணாடிகளையும் லென்சுகளையும் நட்டு, ஒளிக்கற்றையை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு வழிநடத்திக் கொண்டுபோக வேண்டும்.

சொல்ல எளிது. ஒரு கற்றை நேராகப் போகிறதா என்று தெரிய இரண்டு ஊசித்துளைத் தகடுகளை வைப்போம், ஒன்று கிட்டத்தில், இன்னொன்று தூரத்தில். முன்னால் இரண்டு கண்ணாடிகள். முதல் கண்ணாடியைத் திருப்பிக் கற்றையைக் கிட்டத்துத் துளையில் விழவைக்க வேண்டும். இரண்டாவதைத் திருப்பித் தூரத்துத் துளைக்குக் கொண்டுவர வேண்டும். தூரத்தைச் சரிசெய்தால் கிட்டத்தில் விலகியிருக்கும். மறுபடி முதல் கண்ணாடி, மறுபடி இரண்டாவது. ஒவ்வொரு முறையும் விலகல் பாதியாகும், அதற்குப் பாதியாகும். அவசரப்பட்டு இரண்டையும் ஒன்றாகத் திருப்பினால் கற்றை மேசையை விட்டே போய்விடும். காலையில் செய்ததெல்லாம் போச்சு. முதல் வாரம் இதற்கு எனக்கு முழு நாள் பிடித்தது. மூன்றாம் மாதம் கால் மணி நேரம். இடையில் என்ன கற்றுக்கொண்டேன் என்று கேட்டால் எழுதிக்காட்ட ஒன்றுமில்லை.

இது கண்ணுக்குத் தெரிகிற சிவப்பு லேசருக்கு, ஹீலியம்-நியான் கற்றைக்கு, 632.8 நானோமீட்டர். பக்கத்து மேசையில் நியோடிமியம்-யாக் லேசர் இருந்தது. அதன் அலைநீளம் 1064 நானோமீட்டர், கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கண்ணின் முன்பகுதிக்கு அது தெளிந்த தண்ணீரில் வெயில் போவது மாதிரி. தடையில்லாமல் உள்ளே போய் விழித்திரையில் ஒரு புள்ளியாகக் குவியும். வலிக்காது, இமை மூடவும் தோன்றாது. ஒரு துடிப்பு பத்து நானோ விநாடிக்குள் முடிந்துவிடும். அதனால்தான் அந்த அறையில் யாரும் மேசை உயரத்துக்குத் தலையைக் குனியக்கூடாது என்ற சட்டம். கீழே விழுந்த திருகை எடுக்க வேண்டுமானால் முதலில் லேசருக்குத் திரை போட்டு, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து, பிறகுதான் தேட வேண்டும். பாக் சிக் இதை ஒவ்வொரு புதுப் பிள்ளைக்கும் செய்து காட்டுவார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது ஒரே தடவை; பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நின்ற ஒரு மாணவனிடம்.

ஜொகூரில் லேசர் வைத்துக்கொள்வது ஜெர்மனியில் வைத்துக்கொள்வது மாதிரி இல்லை. கருவியோடு வரும் கையேட்டை எழுதியவர்களுக்கு எங்கள் மழை தெரியாது. பிற்பகல் மூன்று மணிக்கு குனோங் பூலாய் பக்கம் கருக்கும்; நான்குக்கு இடி. எங்கள் வளாகத்தில் மின்னலை ஆராய்வதற்கென்றே உயர் மின்னழுத்த ஆய்வு நிலையம் ஒன்று இருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் இடிச்சத்தம் கேட்டதும் பெரிய லேசரின் பிளக்கைப் பிடுங்கிவிடுவோம். அதைவிடப் பெரிய எதிரி ஈரம். லென்சின் மேல் பூசணம் பிடிக்கும். சிலந்தி வலை மாதிரி மெல்லிய இழைகள். இழையைத் துடைத்துவிடலாம்; அது சுரக்கும் அமிலம் மேற்பூச்சை அரித்திருந்தால் லென்சு போனது போனதுதான். அந்த வருஷங்களில் தீபாவளியும் நோன்புப் பெருநாளும் அடுத்தடுத்து வந்தன. 2005-இல் அந்த விடுமுறைக்குப் போகிற அவசரத்தில் ஒரு லென்சை உலர்பெட்டிக்குள் வைக்காமல் மேசை இழுப்பறையில் விட்டுவிட்டேன். பத்து நாள் கழித்து வந்து விளக்கில் பிடித்துப் பார்த்தபோது நடுவிலிருந்து வேர் ஓடியிருந்தது. என் ஒன்றரை மாதச் சம்பளம் பெறும் லென்சு. பேராசிரியர் ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து வீட்டுக்குப் போகும்முன் இழுப்பறைகளை இரண்டு தடவை திறந்து பார்ப்பேன். இன்றைக்கும் பள்ளி ஆய்வகத்தை மூடும்போது அதையே செய்கிறேன்.

ரப்பர் பாலுக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

நான் பிறந்தது கூலாய்க்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து லயத்தில். அம்மா அங்கே இருபத்தாறு வருஷம் மரம் வெட்டினார். (வெட்டுவது என்றால் சாய்ப்பது என்று தமிழ்நாட்டு நண்பர் ஒருவர் நினைத்துவிட்டார். பட்டையைச் சீவிப் பால் எடுப்பதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.) ஐந்து மணிக்குப் பெரட்டு, ஆள் கணக்கெடுப்பு. நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே நிரைக்குள் இறங்க வேண்டும். வெயில் ஏறினால் இலைகள் நீரை இழுத்துக்கொள்ளும், பட்டைக்குள் அழுத்தம் குறைந்து பால் ஓடாது. பால் குழாய்கள் மரத்தில் செங்குத்தாக ஏறுவதில்லை. லேசாக வலப்பக்கம் சாய்ந்து சுற்றி ஏறுகின்றன. அதனால் வெட்டு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ வேண்டும். அப்போதுதான் நிறையக் குழாய் அறுபடும். ஆழமாக வெட்ட வெட்டப் பால் கூடும். ஆனால் மரக்கட்டையை ஒட்டியிருக்கும் வளர்படலத்தில் உளி பட்டுவிட்டால் அங்கே காயம் முண்டு முண்டாக ஆறும். பட்டை மறுபடி ஒழுங்காக வளராது. படலத்துக்கு ஒரு மில்லிமீட்டர் முன்னால் கை நிற்க வேண்டும், ஒவ்வொரு மரத்திலும், இருட்டில்.

இடைநிலைப்பள்ளியில் படிக்கும்போது அறிவியல் பாடத்துக்காக அம்மாவிடம் கேட்டேன், எவ்வளவு ஆழம் என்று. லயத்து வாசலில் உட்கார்ந்து காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். சொல்ல வாயெடுத்தார், நிறுத்தினார். விரல் இடுக்கைக் காட்டினார். அதுவும் சரியில்லை என்று கையை உதறினார். "சொல்லத் தெரியல பாப்பா. உளிய எடுத்தா" என்றார். கதவுக்குப் பின்னால் இருந்த உளியைக் கொண்டுவந்து கொடுத்தேன். காற்றில் ஒரு வெட்டு வெட்டினார். "இம்புட்டு." நான் நோட்டுப்புத்தகத்தில் ஒரு மில்லிமீட்டர் என்று எழுதினேன், பாடப்புத்தகத்தைப் பார்த்து.

பதினொரு மணிக்குக் காண்டாக் கம்பில் பால் வாளிகளைத் தூக்கிக்கொண்டு பால் ஸ்டோருக்கு வருவார்கள். பள்ளி விடுமுறையில் நானும் போவேன். அங்கே மெட்ரோலாக் என்றொரு மிதவை. ரப்பர் தண்ணீரைவிட எடை குறைந்தது. பாலில் ரப்பர் கூடினால் மிதவை கொஞ்சம் அதிகமாக மூழ்கும். அதன் தண்டில் உள்ள கோட்டைப் படித்து, நூற்றுக்கு எத்தனை பங்கு ரப்பர் என்று கிராணி எழுதுவார். அதை லிட்டரால் பெருக்கினால் காய்ந்த எடை. சம்பளத்தில் ஒரு பகுதி அந்த எண்ணில் தொங்கியது. நுரையை விலக்கி, கண்ணைக் கோட்டுக்கு நேராகக் கொண்டுவந்து படிக்க வேண்டும். எங்கள் தோட்டத்தில் நின்ற வாக்கில் மேலிருந்து பார்த்து எண்ணைச் சொல்லிவிடுவார்கள், முப்பத்திரண்டு முப்பதாகும். வரிசையில் நிற்கும் பெண்கள் ஏட்டைப் பார்ப்பார்கள். யாரும் மிதவையைப் பார்க்க மாட்டார்கள். பார்த்து என்ன கேட்பது? அம்மா ஒரே தடவை கேட்டார். பதில் வந்தது. அதை இங்கே எழுத விரும்பவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் மரங்களைச் சாய்த்து அங்கே தாமான், அதாவது வீட்டுக் குடியிருப்பு, கட்டினார்கள். அம்மா ஸ்கூடாய்ப் பக்கம் ஒரு மலிவு விலை வீட்டுக்கு வந்தார்.

எங்கள் மானியத்தின் தலைப்பு கலங்கிய திரவங்களில் ஒளிச்சிதறல். தொடக்கத்தில் கடைப் பாலை வைத்துத்தான் அளந்தோம். ஒரு வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில், ரப்பர் பாலை எடுக்கலாமா என்று கேட்டேன். பேராசிரியர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "உனக்கு எங்கே கிடைக்கும்?" என்றார். கூலாய்க்கு அப்பால் இன்னும் ரப்பர் வைத்திருந்த சிறுதோட்டக்காரர் ஒருவரை அம்மாவுக்குத் தெரியும். மோட்டாரின் முன்கூடையில் அம்மோனியா விட்ட பால் புட்டியோடு சனிக்கிழமை தோறும் வந்து சேர்ந்தேன்.

ரப்பர் பாலில் ஒளி நடந்துகொள்வதைப் பார்க்க வேண்டும். ஒரு கண்ணாடித் தொட்டித் தண்ணீரில் நான்கைந்து சொட்டுப் பால் விட்டு லேசரை விட்டால், குறுக்கே சிவப்பு நூல் கட்டியது மாதிரி கற்றை தெரியும். இன்னும் பத்துச் சொட்டு. நூல் தடித்துப் புகையும். தண்ணீர் கலக்காத பாலில் விட்டால் நூலே இல்லை, படுகிற இடத்தைச் சுற்றித் தொட்டியின் ஓரம் அடுப்புத் தணல் மாதிரி சிவந்து நிற்கும். பாலுக்குள் மிதக்கும் ரப்பர் துகள்கள் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவு. பல அதைவிடவும் சிறியவை. ரப்பரின் ஒளிவிலகல் எண் சுமார் 1.52, தண்ணீருடையது 1.33. அந்த வித்தியாசத்தால் ஒவ்வொரு துகளும் ஒளியைத் திசைதிருப்புகிறது. கூட்டம் நெருங்கினால் ஒளி துகளிலிருந்து துகளுக்குத் தட்டுண்டு அலைந்து, வந்த பக்கமே கொஞ்சம் திரும்பிவரும். நெதர்லாந்திலும் பிரான்சிலும் இரண்டு குழுக்கள் 1985-இல் இதில் ஒரு விசித்திரத்தைக் காட்டின: அலைந்து திரும்பும் ஒளி, தான் வந்த திசைக்கு நேர் எதிரில் மட்டும் கூடுதல் பிரகாசமாக இருக்கிறது. அவர்கள் எடுத்துக்கொண்டது தண்ணீரில் மிதக்கும் பாலிஸ்டைரீன் உருண்டைகள். உலகத்துச் சோதனைக்கூடங்களில் அதன் பெயர் லேடெக்ஸ், ரப்பர் பாலின் பெயர். ஒளிச்சிதறல் கருவிகளைச் சரிபார்க்க அந்த உருண்டைகளைத்தான் சின்னப் புட்டியில் விற்கிறார்கள். முதல் தடவை அந்த லேபிளைப் படித்தபோது எங்கள் ஸ்டோரின் வாசனை வந்தது.

எங்கள் அளவீடு இதுதான்: திரும்பிவரும் ஒளியைப் பக்கத்தில் வைத்த ஒளியுணரியால் பிடித்து, அதிலிருந்து ரப்பர் எத்தனை பங்கு என்று கணக்கிடுவது. உண்மையான எண்ணுக்குப் பாலை அமிலத்தால் உறையவைத்து, தகடாக்கி, 70 டிகிரி அடுப்பில் காயவைத்து நிறுக்க வேண்டும்; அது மறுநாள்தான் கிடைக்கும். லேசருக்கு ஒரு விநாடி. தண்ணீர் கலக்காமலே அளக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். நூறு மடங்கு கலந்தால் அளவுக் குழாயில் செய்யும் சிறு பிழையும் நூறு மடங்காகும் என்று கூட்டத்தில் சொன்னேன். அது சரியான காரணம்தான். சொல்லாத காரணம், வாளிக்குள் நேராக நீட்டி, வெட்டினவர் கண்முன்னாலேயே எண்ணைக் காட்டுகிற கருவி எனக்கு வேண்டியிருந்தது. மேலிருந்து பார்த்தாலும் பக்கத்திலிருந்து பார்த்தாலும் மாறாத எண்.

அந்த 2005 அக்டோபரில் ஜான் ஹாலுக்கும் தியோடர் ஹென்ஷுக்கும் நோபல் பரிசில் பாதி என்று செய்தி வந்தது. மறுபாதி ராய் கிளாபருக்கு. ஹாலும் ஹென்ஷும் லேசரைச் சீப்பு மாதிரி ஒரே இடைவெளியுள்ள பற்களாக்கி, ஒளியின் அதிர்வெண்ணைப் பதினைந்து இலக்கத்துக்கு அளக்க வழிசெய்தவர்கள். நாங்கள் மூன்றாவது இலக்கத்துக்காகப் போராடிக்கொண்டிருந்தோம். எனக்கு அதில் குறையில்லை. தோட்டத்துக்கு வேண்டியதும் மூன்று இலக்கம்தான்.

அந்த நாட்களில் சுல்தானா சனாரியா நூலகத்தில் சர் சி.வி. ராமனின் வாழ்க்கை வரலாறு ஒன்று கிடைத்தது. 1928 பிப்ரவரி 28, சிதறிய ஒளியில் புதிய நிறம், 1930-இல் நோபல் பரிசு, இவையெல்லாம் பள்ளியில் படித்தவை. கூடவே நின்று பார்த்துப் பார்த்து நாட்குறிப்பில் எழுதியவர் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன் என்பதும் தெரியும். அந்தப் புத்தகத்தில்தான் ஆஷுதோஷ் டேயைப் பற்றி முதலில் படித்தேன். 1907-இல் கல்கத்தா பவ்பஜார் தெருவில் இருந்த அறிவியல் சங்கத்துக்கு இளம் அரசு அதிகாரியாக ராமன் போனபோது கதவைத் திறந்துவிட்ட உதவியாளர் அவர். பல்கலைக்கழகப் படிப்பில்லாதவர். பல வருஷம் ராமனின் சோதனைகளுக்குக் கையாக இருந்தார். பின்னர் ராயல் சொசைட்டி சஞ்சிகையில் அவர் பெயரிலேயே ஒரு கட்டுரை வெளிவந்தது. மறுநாள் இதைப் பாக் சிக்கிடம் மலாயில் சொன்னேன். ஒரு கண்ணாடியை ஆல்கஹால் தாளால் இழுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமல், "அவர் கண்ணாடி துடைப்பாரா?" என்று மட்டும் கேட்டார்.

பாக் சிக் எனக்குக் கொடுத்தவற்றுள் ஒன்றைச் சொல்ல வேண்டும். மேசையில் மூன்றாவது கண்ணாடியின் தாங்கி பழையது, உள்ளே வில் தளர்ந்தது. சரியாக வைத்துவிட்டுப் போனால் மறுநாள் நகர்ந்திருக்கும். வேறு தாங்கி வாங்க விண்ணப்பம் எழுதினேன். அவர் என்னை ஒதுக்கிவிட்டுத் திருகைப் பிடித்தார். வேண்டிய இடத்தைத் தாண்டி அரைச்சுற்றுப் போனார். பிறகு மெல்லத் திரும்பிவந்து நிறுத்தினார். "எப்போதும் ஒரே பக்கமிருந்து வா" என்றார். எதிர்ப்பக்கமிருந்து வந்து நிறுத்தினால் மரைகளுக்கு இடையே சிறு இடைவெளி மிஞ்சும். இரவில் அது தன்னால் தளரும். இது எந்தக் கட்டுரையிலும் வராது. 'ஒளியியல் சீரமைப்பில் அனுபவம் விரும்பத்தக்கது' என்று வேலை விளம்பரங்களில் ஒரு வரி வருமே, அந்த வரிக்குள் இருப்பது இந்த மாதிரி நூறு சங்கதிகள்.

2006-இல் திறந்த நாள் ஒன்றுக்கு அம்மாவை அழைத்துவந்தேன். பெரிய லேசரை நிறுத்திவிட்டுச் சிவப்பை மட்டும் வைத்திருந்தோம். தொட்டியில் சொட்டுச் சொட்டாகப் பால் விட்டுக் காட்டினேன். அம்மா சிவப்பு நூலை அதிகம் பார்க்கவில்லை. புட்டியை எடுத்து மோந்தார். "அம்மோனியா தூக்கலா இருக்கு." விரலை நனைத்துப் பெருவிரலால் தேய்த்தார், விரலைப் பிரித்து இழையைப் பார்த்தார். "தண்ணிப் பால். முப்பதுகூட வராது." எங்கள் கருவி 33 காட்டியது. மறுநாள் அடுப்புத் தகட்டை நிறுத்தேன்: 28.9.

இரண்டு நாள் தேடினோம். பால் பழையது; துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளத் தொடங்கியிருந்தன. திரண்டால் சிதறும் விதமே மாறும். எங்கள் கணக்கு தனித்தனித் துகள்களுக்குப் போட்டது. வெட்டி ஆறு மணி நேரத்துக்குள் அளக்க வேண்டும் என்று அதற்குப் பிறகு விதி வைத்தோம். அறிக்கையிலும் அது ஒரு பத்தியாகப் போனது. இதைச் சொன்னால் கேட்பவர்கள், பார்த்தீர்களா, கையை எந்தக் கருவியும் வெல்லாது என்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அம்மாவின் விரல் அவ்வளவு சரியாகச் சொன்னாலும் ஸ்டோரில் அது எடுபடவில்லையே. ஏட்டில் ஏறியது கிராணியின் எண். அதனால்தான் கருவி வேண்டும் என்கிறேன்.

அந்த வருஷக் கடைசியில் ஜொகூரில் பெருவெள்ளம். டிசம்பரிலும் மறுபடி ஜனவரியிலும் கோத்தா திங்கி மூழ்கியது. மூவார், பத்து பகாட், சிகாமாட் எங்கும் லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வீட்டை விட்டு வெளியேறினார்கள். எங்களோடு வேலை செய்த பத்து பகாட்டுச் சீனப்பெண் பல நாள் வரவில்லை. வந்தபோது மூட்டுவரை சேற்றுப்புண். மழை நாளில் மரம் வெட்ட முடியாது, பாலுமில்லை. எங்கள் கடைசி அளவீடுகள் பிப்ரவரிக்குத் தள்ளிப்போயின. மானியம் 2007 ஜூலையில் முடிந்தது.

மானியம் முடிகிற மாதம் எல்லாச் சோதனைக்கூடத்திலும் ஒரே மாதிரிதான் இருக்கும். அட்டைப்பெட்டிகள், இருப்புக் கணக்கு, பேராசிரியர் அடுத்த விண்ணப்பத்தோடு இரவெல்லாம். சீனப்பெண் பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூருக்குப் போனாள். அன்றைக்கு அந்த ஊர் வெள்ளிக்கு நம் வெள்ளி இரண்டேகால், யார் அவளைக் குறை சொல்ல முடியும்? இன்னொருவர் ஈப்போவில் ஒளியிழைக் கருவிகள் செய்யும் தொழிற்சாலைக்கு. பாக் சிக் ஓய்வுபெற்று மீன் வளர்க்கப் போனார். நான் ஆசிரியர் பயிற்சிக்கு. கருவி எங்கும் தோட்டத்துக்குப் போகவில்லை. ஓர் ஆய்வேடும் இரண்டு மாநாட்டுக் கட்டுரைகளுமாக நின்றது. வருத்தம் இருக்கிறது. அதைவிட வருத்தம், மூன்று வருஷத்தில் மூன்று பேர் கையில் ஊறியது மூன்று திசையில் போனது. இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் ஆளை எடுத்தால் முதல் வருஷம் கற்பதற்குப் போய்விடும். கை பழகுகிற நேரத்தில் தேதி வந்துவிடும். கண்ணாடிக்கும் லென்சுக்கும் இருப்புக் கணக்கு எடுக்கிறார்கள்.

என்னால் முடிந்தது, கடைசி வாரம் சோதனைக்கூடக் குறிப்பேட்டில் தெரிந்ததையெல்லாம் மலாயில் எழுதிவைத்தேன். இடி வந்தால் எந்தப் பிளக்கு முதலில், எந்த இழுப்பறையில் ஈரம், பால் எத்தனை மணி நேரம் தாங்கும். மூன்றாவது கண்ணாடி: அரைச்சுற்றுத் தாண்டித் திரும்பி வரவும்.

2011-இல் ஒரு சாயங்காலம். மாசாயில் என் வீட்டுச் சமையலறையில் நின்றிருந்தேன், பால் அடுப்பில். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. முந்தின வருஷம்தான் யூ.டி.எம். ஆய்வுப் பல்கலைக்கழகமாக அறிவிக்கப்பட்டிருந்தது. புது மானியங்கள், புது ஆட்கள். மலாய்க்காரப் பெண், குரலில் தயக்கம். பழைய குறிப்பேட்டில் என் பெயரைப் பார்த்து, விசாரித்து எண்ணை வாங்கியிருக்கிறாள்.

"காக், மூன்றாவது கண்ணாடி. அரைச்சுற்று என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தப் பக்கம்?"

வாயைத் திறந்தேன். வரவில்லை. இடதா, வலதா, கடிகாரம் சுற்றும் பக்கமா, நான்கு வருஷம் ஆகியிருந்தது. "கொஞ்சம் இரு" என்று அடுப்பை அணைத்தேன். கைப்பேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு, அந்த மேசைக்கு முன்னால் நிற்பது மாதிரி நின்று, வலக்கையை நெஞ்சுயரத்தில் நீட்டினேன். விரல்கள் திருகைப் பிடித்தன.

"இடப்பக்கம் அரைச்சுற்று" என்றேன். "அப்புறம் வலப்பக்கமாக மெல்ல வா. வில் இறுகுவது விரலுக்குத் தெரியும். தெரிகிறதா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "ஆமாம் காக்" என்றாள்.